செத்த மீன் நீந்துகிறது!

இறந்துபோன மீனால் நீந்த முடியுமா? "முடியாது" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரி, தலையும் இல்லாமல், வாலும் இல்லாமல், விலாப் பக்கத்திலிருந்து அறுத்தெடுத்த இரண்டு விரல் அகலமுள்ள ஒரு மீன் துண்டால்?

வட அமெரிக்காவின் பேரேரிகளில் கோடைகாலம் முழுவதும் இந்த அதிசயம் நடக்கிறது. ஹெர்ரிங் என்னும் மீனின் துண்டு ஒன்று, முப்பது மீட்டர் ஆழத்தில், அடிபட்ட குட்டி மீனைப் போலப் புரண்டு புரண்டு ஓடுகிறது. அதைப் பத்துக் கிலோ எடையுள்ள சால்மன் மீன் உயிருள்ள இரை என்று நம்பித் துரத்திக் கவ்வுகிறது. சால்மன் முட்டாள் மீன் அல்ல. அதன் கண்ணும் மூக்கும் உடலின் பக்கவாட்டிலுள்ள உணர்வு உறுப்பும் மிகக் கூர்மையானவை. அவை மூன்றையும் ஒருசேர ஏமாற்றினால்தான் மீன் தூண்டிலில் விழும். ஏமாற்றுவது எப்படி என்று பார்ப்போமா? நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊர் மீன்பிடித் துறைமுகங்களில் 'ட்ராலர்' என்ற விசைப்படகைப் பார்த்திருப்பீர்கள். அது கடலடியில் பெரிய பை வலையை இழுத்துச் செல்வது. இங்கே சொல்லப்போவது 'ட்ரோலிங்'. இதில் வலையே கிடையாது. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்வதற்கு அந்தப் பெயர். ஒலி நெருக்கத்தால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. நம் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது காலா மீன். அதற்கும் உண்மையான சால்மனுக்கும் உறவில்லை.

ஏரிக்குள் வந்த கடல் மீன்

சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்பவை அந்த ஐந்து பேரேரிகள். பெயர்தான் ஏரி. மிச்சிகன் ஏரி ஒன்றே ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு! அதன் மிக ஆழமான இடம் 281 மீட்டர்.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்குத் திரும்பும் மீன் என்று படித்திருப்பீர்கள். கோஹோ, சினூக் ஆகிய சால்மன் வகைகள் பசிபிக் பெருங்கடலைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நன்னீர் ஏரியில் என்ன வேலை?

நயாகரா நீர்வீழ்ச்சி மேல் ஏரிகளுக்கு ஓர் இயற்கைக் கோட்டையாக இருந்தது. கப்பல் போக்குவரத்துக்காக அதைச் சுற்றி வெல்லண்ட் கால்வாயை வெட்டினார்கள். கால்வாய் வழியே கப்பல்கள் மட்டும் வரவில்லை. மீன்களின் உடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் லாம்ப்ரே வந்தது. ஹெர்ரிங் குடும்பத்தைச் சேர்ந்த ஏல்வைஃப் என்னும் சிறு மீனும் வந்தது. இந்த ஏல்வைஃப் பார்வைக்கு நம் மத்தி மீனின் ஒன்றுவிட்ட தம்பி போலிருக்கும். ஏரியின் பெரிய வேட்டைமீனான டிரவுட்டை லாம்ப்ரே ஏறக்குறைய ஒழித்துக்கட்டியது. தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் பெருகியது. 1967-ல் கோடிக்கணக்கான ஏல்வைஃப் மீன்கள் செத்து, மிச்சிகன் ஏரிக் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்கின. நாற்றம் தாங்காமல் மக்கள் கடற்கரை போன்ற அந்த மணல் கரைகளை விட்டு ஓடினார்கள்.

மிச்சிகன் மாநிலத்தின் மீன்வளத் துறைத் தலைவராக இருந்த ஹோவர்ட் டானர் இதற்கு முன்பே ஒரு திட்டம் வைத்திருந்தார். ஏல்வைஃபைத் தின்னப் பசிபிக் சால்மனைக் கொண்டுவருவதே அத்திட்டம். 1966 வசந்தத்தில் கோஹோ குஞ்சுகளும், 1967-ல் சினூக் குஞ்சுகளும் ஏரியில் கலக்கும் ஆறுகளில் விடப்பட்டன. சால்மனுக்கு ஏரியே கடலாயிற்று. தின்று கொழுத்தன. மிச்சிகன் மாநிலத்தில் தூண்டிலில் பிடிபட்ட மிகப் பெரிய சினூக் என்று 2021-ல் பதிவான மீனின் எடை 21 கிலோவுக்கும் மேல்!

1967 இலையுதிர் காலத்தில் வளர்ந்த கோஹோ கரைக்குத் திரும்பியபோது மக்களுக்குப் பித்தே பிடித்துவிட்டது. குளத்துக்கு ஏற்ற சிறு படகுகளில் ஆயிரக்கணக்கானோர் ஏரிக்குள் இறங்கினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் திடீரென்று புயல் காற்று வீசியது. படகுகள் கவிழ்ந்தன. ஏழு பேர் இறந்தார்கள். ஏரியைக் கடலாக மதிக்க வேண்டும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்ட நாள் அது.

மீனோடு மீன் பிடிக்கும் முறையும் இடம் பெயர்ந்தது. ஹெர்ரிங்கை அறுத்துத் தூண்டிலில் கோப்பது பசிபிக் கரையின் பழைய வழக்கம். அங்கே முழு மீனின் தலையைச் சாய்வாக வெட்டிவிட்டு உடலை அப்படியே கோப்பார்கள். பேரேரிகளில் விலாத் துண்டைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

எந்த ஆழத்தில் தேடுவது?

கிணற்றில் குதித்து நீந்திய அனுபவம் உங்களில் சிலருக்காவது இருக்கும். கோடையில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் முங்கினால் கால் சில்லென்று குளிரும். பேரேரியிலும் இதேதான். தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில் அடர்த்தி மிக அதிகம். ஆகவே குளிர்ந்த, கனமான நீர் அடியில் தங்கிவிடும். வெயிலில் சூடான இலேசான நீர் மேலே மிதக்கும். இரண்டுக்கும் இடையே, சில மீட்டர் கனமே உள்ள ஓர் அடுக்கில் வெப்பநிலை மடமடவென்று குறைகிறது. இதை வெப்பச்சரிவு அடுக்கு என்கிறோம்.

சினூக் மீனுக்கு ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி நீர் பிடிக்கும். மேலே சூடு அதிகம், அடியில் குளிர் அதிகம். ஆகவே வெப்பச்சரிவு அடுக்கை ஒட்டியே திரியும். ஏல்வைஃப் அதைவிடச் சற்று வெதுவெதுப்பான நீரில் இருக்கும். சால்மன் கீழிருந்து மேலே பாய்ந்து அதைத் தின்னும். கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று பலமாக வீசினால் சூடான மேல்நீர் விலகிப்போய், அடியிலுள்ள குளிர்நீர் கரையோரம் மேலெழும். நேற்று முப்பது மீட்டரில் இருந்த மீன் இன்று பத்து மீட்டரில் இருக்கும். அதனால்தான் அங்கே தூண்டில்காரரிடம் வெப்பமானியும் இருக்கிறது.

அவ்வளவு ஆழத்துக்குத் தூண்டிலை இறக்குவது எளிதல்ல. ஓடும் படகின் பின்னால் தூண்டில் நரம்பு மேலே மிதந்து வந்துவிடும். ஆகவே நான்கு முதல் ஆறு கிலோ எடையுள்ள ஓர் உலோகக் குண்டைத் தனிக் கம்பியில் கட்டிக் கப்பி வழியாக இறக்குகிறார்கள். தூண்டில் நரம்பைக் குண்டின் அருகே ஒரு கவ்வியில் மாட்டிவிடுகிறார்கள். மீன் இழுத்ததும் கவ்வி விட்டுவிடும். அதன்பின் மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே வெறும் நரம்புதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. படகின் வேகம் இரண்டு மடங்கானால், குண்டின் மீது நீர் தரும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். வேகம் கூடினால் கம்பி பின்னோக்கிச் சாயும். முப்பது மீட்டர் கம்பி விட்டிருந்தாலும் குண்டு முப்பது மீட்டர் ஆழத்தில் இராது. எனவே மணிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர், அதாவது நாம் நிதானமாக நடக்கும் வேகத்தில்தான் படகு போகிறது. அதோடு தீர்ந்ததா? இல்லை. மேலே ஒரு திசையிலும் ஆழத்தில் வேறு திசையிலும் நீரோட்டம் இருக்கலாம். படகு சரியான வேகத்தில் ஓடும். கீழே துண்டு தள்ளாடும். இதை அறியக் குண்டின் மேலேயே வேகத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியைப் பொருத்துவோரும் உண்டு.

மூன்று பொய்கள்

இனி தூண்டிலைக் கவனியுங்கள். குண்டுக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி முதலில் வருவது 'ஃபிளாஷர்' என்னும் நீண்ட பிளாஸ்டிக் தகடு. 20 முதல் 28 செ.மீ. நீளம், இரு முனைகளும் எதிரெதிராகச் சற்று வளைந்திருக்கும். நீரில் இழுத்தால் வட்டமடித்துச் சுழலும். அதற்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் போன்ற நீளத்தில் தடித்த நரம்பு. அதில் மினுக்கும் இழைகளால் செய்த இரண்டு மூன்று பொய்ப் பூச்சிகள். கடைசியில்தான் நம் கதாநாயகனான மீன் துண்டு, ஒரு பிளாஸ்டிக் தொப்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வருகிறது. அதையடுத்து முக்கூர்த் தூண்டில் முள்.

ஃபிளாஷர் சொல்வது முதல் பொய். சுழலும்போது அது ஒளியை விட்டுவிட்டு எறிகிறது. இரையைத் துரத்தித் திரும்பும் மீனின் வெள்ளி வயிறு இப்படித்தான் மின்னும். தொலைவிலுள்ள சால்மன் 'அங்கே யாரோ சாப்பிடுகிறார்கள்' என்று அருகில் வருகிறது. ஆழத்தில் நிறத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். பச்சையும் நீலமும் இன்னும் ஆழத்துக்குப் போகும். கடையில் கண்ணைப் பறித்த செந்நிறத் தகடு, முப்பது மீட்டரில் கருந்தகடு! விடியற்காலையிலோ இருட்டிய நீரிலோ இரவில் ஒளிரும் கடிகார முள்ளைப் போன்ற பூச்சுள்ள தகடுகளை, டார்ச் விளக்கு காட்டி 'ஒளியூட்டி' இறக்குகிறார்கள்.

இரண்டாவது பொய் அசைவு. மீனின் உடலில் இரு பக்கமும் தலையிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கக்கோட்டு உறுப்பு என்பது அதுதான். அருகிலுள்ள நீர் அசைந்தால் அதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் உணர்ந்துகொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் விசிறுவதைக் கன்னத்தால் உணர்கிறோம் அல்லவா? ஏறக்குறைய அதைப் போன்றது. நல்ல உடல்நிலையிலுள்ள சிறுமீன் நேராக நீந்தும். காயம்பட்டது புரளும். வேட்டையாடும் மீன் கூட்டத்தில் புரள்வதையே தேர்ந்தெடுக்கிறது. அதைப் பிடிப்பதுதானே சுலபம்!

துண்டு எப்படிப் புரள்கிறது? பனையோலைக் காற்றாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓலை காற்றுக்குச் சாய்வாக இருப்பதால் காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, காற்றாடி சுற்றுகிறது. பசிபிக் கரையில் மீனின் தலையைச் சாய்த்து வெட்டுவது இதற்காகத்தான். வெட்டின் கோணம் மாறினால் சுழற்சியின் வேகமும் மாறும். ஏரித் தூண்டிலில் அந்தச் சாய்வைப் பிளாஸ்டிக் தொப்பியே தருகிறது. துண்டை அதற்குள் நேராகச் செருகிப் பல் குத்தும் குச்சியால் குத்தி நிறுத்துகிறார்கள். துண்டு கோணலாக உட்கார்ந்தால் போச்சு. திருகாணி போல இறுக்கமாகச் சுழல வேண்டியது, ஈரத்துணி போலத் தாறுமாறாக அடித்துக்கொள்ளும். ஆகவே அனுபவசாலிகள் தூண்டிலை இறக்குமுன் படகின் ஓரத்தில் நீரில் விட்டு, அது புரளும் அழகைக் கண்ணால் பார்த்த பிறகே ஆழத்துக்கு அனுப்புவார்கள். எனக்கு இந்தக் கலை முழுவதிலும் மிகவும் பிடித்தது இந்த அரை நிமிடச் சோதனைதான். ஆய்வுக்கூடத்தில் கருவியைச் சரிபார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஃபிளாஷர் ஒவ்வொரு சுற்றிலும் பின்னாலுள்ள நரம்பை வெடுக்கென்று இழுக்கும், பிறகு தளர்த்தும். நரம்பு குட்டையானால் துண்டு துள்ளும். நீளமானால் சாந்தமாக வரும். தானாகவே புரளும் துண்டுக்கு நீண்ட நரம்பே பொருத்தம். சுழற்சியெல்லாம் நரம்பில் ஏறினால் அது முறுக்கிச் சிக்காகிவிடாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. இடையிடையே திருகு வளையங்கள் இருக்கின்றன. சைக்கிள் சக்கரத்தின் அச்சில் இருப்பவற்றைப் போன்ற மிகச் சிறிய குண்டுகள் அதற்குள் உண்டு. முன்பாதி நிற்கும், பின்பாதி சுழலும்.

மூன்றாவது பொய், இல்லை, இது பொய்யே அல்ல: வாசனை. உலோகத் தகட்டால் மின்ன முடியும், புரள முடியும். ஹெர்ரிங் மணக்க முடியாது. அறுத்த சதையிலிருந்து அமினோ அமிலங்களும் எண்ணெயும் நீரில் கசிகின்றன. சால்மனின் மோப்பத் திறனை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லர் மிச்சிகன் ஏரியிலேயே காட்டியிருக்கிறார். 1970-களில் அவருடைய குழுவினர் கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்னும் வேதிப்பொருள் மிக மிகச் சிறிதளவு கலந்த நீரில் வளர்த்து ஏரியில் விட்டார்கள். மீன்கள் வளர்ந்து திரும்பும் பருவத்தில், அவை முன்பின் பார்த்திராத ஓர் ஓடையில் அதே மார்ஃபோலினைச் சொட்ட விட்டார்கள். அந்தக் குஞ்சுகளாக இருந்த மீன்கள் பெரும்பாலும் அந்த ஓடைக்கே வந்து சேர்ந்தன! குழந்தைப் பருவத்து மணத்தை அவை மறக்கவில்லை.

கனடாவில் 1950-களில் நடந்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. ஆற்றில் ஏறிவரும் சால்மன்களுக்கு மேலே நீரில் மனிதக் கையை நனைத்தார்கள். மீன்கள் மிரண்டு ஏறுவதை நிறுத்திவிட்டன. காரணம் பாலூட்டிகளின் தோலிலுள்ள செரின் என்னும் அமினோ அமிலம் என்று 1956-ல் கண்டறிந்தார்கள். கரடியும் பாலூட்டிதானே! அது ஆற்றில் ஏறும் மீன், ஏரியில் இரை தேடும் மீன் அல்ல. ஆனாலும் துண்டைத் தொடுமுன் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளும் பழக்கம் தூண்டில்காரர்கள் பலரிடம் இருக்கிறது.

உப்பின் உதவி

உறைய வைத்த ஹெர்ரிங்கை வெளியே எடுத்தால் சதை தொளதொளவென்று ஆகிவிடும். உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதே காரணம். அத்தகைய துண்டு நீரின் அடியைத் தாங்காது. சில நிமிடத்தில் பிய்ந்து போகும். ஆகவே துண்டுகளை உப்பில் ஊறப் போடுகிறார்கள். சவ்வூடு பரவலால் சதையிலுள்ள நீர் வெளியேறுகிறது; துண்டு இறுகுகிறது. கருவாடு போடும் நம் கடற்கரைப் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இங்கே ஒரு புதிர். வெள்ளரித் துண்டில் உப்பைத் தூவினாலும் நீர் வெளியேறுகிறது. ஆனால் அது இறுகுவதில்லை, துவண்டு போகிறது! மீன் மட்டும் ஏன் இறுக வேண்டும்? வெள்ளரியின் விறைப்புக்குக் காரணம் செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம். நீர் போனால் காற்றுப் போன பலூன் கதைதான். மீன் தசையின் உறுதியோ புரத இழைகளில் இருக்கிறது. நீர் குறையக் குறைய இழைகள் நெருங்கி அமைகின்றன. உப்பும் புரதத்தை மாற்றுகிறது.

உப்புத் துண்டுகளைப் படகில் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். உப்புக் கலந்த பனிக்கட்டி 0 டிகிரிக்கும் கீழே குளிரும் என்பது குல்பி ஐஸ் விற்பவருக்குக்கூடத் தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஹெர்ரிங்கும் ஏரியும் இல்லாமல் புரளும் வித்தையைச் சோதிக்கலாம். காலியான ஷாம்பூ பாட்டிலின் பக்கத்திலிருந்து 8 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையில் துளையிட்டு நூல் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இழுங்கள். பட்டை சும்மா வழுக்கி வரும். இப்போது முன்முனையின் ஒரு மூலையை மட்டும் சிறிது மடக்கி மீண்டும் இழுங்கள். பட்டை புரளும். மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு நிலை வரை சுழற்சி வேகமாகும். அதற்கு மேல் மடிப்பே தடையாகிப் பட்டை தடுமாறும். வேகத்தையும் மாற்றிப் பாருங்கள். பத்துமுறை இழுத்த பிறகு நூலைக் கவனித்தால் திருகு வளையம் எதற்கு என்பதும் புரிந்துவிடும்.

ஏரியின் கணக்கு

சால்மன் வந்ததும் ஏல்வைஃப் குறைந்தது. திட்டம் வெற்றி. ஆனால் இயற்கையின் கணக்கில் ஒரு வரியோடு விடை வந்துவிடுவதில்லை. 1980-களின் இறுதியில், கப்பல்களின் எடைச்சமன் நீரோடு வந்த இருவகைச் சிப்பிகள் பேரேரிகளில் பரவின. அவை நீரை வடிகட்டி நுண்ணுயிர் மிதவைகளைத் தின்றன. நீர் பளிங்காகத் தெளிந்தது. ஒளி இன்னும் ஆழம் வரை போயிற்று. மீனுக்குத் தூண்டில் நன்றாகத் தெரிந்தது. கூடவே நரம்பும் தெரிந்தது! அதைவிடப் பெரிய விளைவு வேறு. மிதவை குறைந்ததால் ஏல்வைஃபுக்கு உணவு குறைந்தது. மறுபக்கம் சால்மன் தின்றுகொண்டே இருந்தது. 2003, 2004-ஆம் ஆண்டுகளில் ஹூரான் ஏரியில் ஏல்வைஃப் வீழ்ந்தது. அதை நம்பியிருந்த சினூக்கும் வீழ்ந்தது. சால்மன் பிடிக்க வருவோரை நம்பிப் பிழைத்த கரையோர ஊர்களில் கடைகள் மூடப்பட்டன. அந்த நிலை மிச்சிகன் ஏரிக்கும் வந்துவிடக் கூடாது என்று 2013-ல் அங்கே விடும் சினூக் குஞ்சுகளை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார்கள். வளர்க்க வேண்டிய மீனைக் குறைத்து மீனைக் காப்பாற்றுவது விந்தையாக இல்லையா?

எத்தனை குஞ்சு விடலாம் என்று முடிவு செய்ய, ஏரியிலுள்ள சினூக்கில் எத்தனை பண்ணையில் பிறந்தவை, எத்தனை ஆற்றில் தாமாகப் பிறந்தவை என்று தெரிய வேண்டும். இங்கேதான் தூண்டில்காரர் விஞ்ஞானிக்கு உதவுகிறார். பண்ணைக் குஞ்சின் முதுகின் பின்பகுதியிலுள்ள சதைப்பற்றான சிறு துடுப்பை நறுக்கிவிட்டு, அதன் மூக்கில் எண்கள் பொறித்த கம்பித் துணுக்கு ஒன்றைச் செலுத்துகிறார்கள். துணுக்கின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். ஹெர்ரிங் துண்டை நம்பி ஏமாந்த சால்மன் படகுக்குள் வந்ததும், அந்தச் சிறு துடுப்பு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். இல்லையென்றால் கரைக்கு வந்ததும் மீனின் தலையை மட்டும் வெட்டி, பிடித்த நாளையும் இடத்தையும் எழுதிக் கட்டி, ஆய்வாளர்கள் வைத்திருக்கும் குளிர்ப்பெட்டியில் போட்டுவிடலாம். ஆய்வுக்கூடத்தில் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் படித்தால், அந்த மீன் எந்தப் பண்ணையில் வளர்ந்து எந்த ஆண்டு எந்த ஆற்றில் விடப்பட்டது என்பது தெரிந்துவிடும். இப்படிக் கிடைத்த தலைகளிலிருந்தும், துடுப்பு நறுக்கப்படாத மீன்களை எண்ணியதிலிருந்தும் ஒரு செய்தி வெளிவந்தது. மிச்சிகன் ஏரியில் திரியும் சினூக்கில் பாதிக்கும் மேல் எந்தப் பண்ணையையும் பார்த்திராதவை. 1967-ல் வந்து இறங்கிய விருந்தாளிகளின் பேரப்பிள்ளைகள், அந்த ஏரியின் ஆறுகளிலேயே பிறந்தவை.